தலைகீழ் அக்காவும் பதின்மூன்று கையெழுத்துகளும்

பக்கத்து அறையில் பிரிண்டர் இருமத் தொடங்கியது.

முதலில் ஒரு நீண்ட பெருமூச்சு. பிறகு கர்... கர்... என்று தாளை உள்ளே இழுக்கும் சத்தம். நடுவில் ஒரு விக்கல். கடைசியில், போதுமடா சாமி என்பது போல ஒரு தாள் தட்டில் வந்து விழும் ஓசை. அந்த ஆய்வுக்கூடத்தில் அந்தப் பிரிண்டரை விட வயதானது சுவர்க் கடிகாரம் ஒன்றுதான். அதுவும் ஓடுவதில்லை.

“அக்கா, ரெண்டாவது பக்கம் சிக்கிக்கிச்சு!” என்று உள்ளேயிருந்து டைப்பிஸ்ட் குரல் கொடுத்தார்.

“மெதுவா இழுங்க. கிழிச்சிடாதீங்க.”

“நான் எங்க அதைக் கிழிக்கிறேன்? அதுதான் என்னைக் கிழிக்குது!”

அக்கா சிரித்துக்கொண்டே மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். கண் எரிந்தது. மேஜை ஓரத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து மூன்று வாரமாகச் சீல் உடைக்காமல் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்காதது போல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

டைப்பிஸ்டுக்கு அடுத்த வருடம் ஓய்வு. அக்காவை விட ஒன்பது வயது மூத்தவர். ஆனாலும் அவரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கட்டடத்தில் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். முழுப் பட்டம் ‘தலைகீழ் அக்கா’. முகத்துக்கு நேரே பாதி, முதுகுக்குப் பின்னால் முழுசு.

பட்டம் சும்மா வரவில்லை. சந்தேகத்துக்குரிய ஆவணம் எது வந்தாலும், அது உயிலோ மிரட்டல் கடிதமோ, அக்கா அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத்தான் பார்ப்பாள். நேராக வைத்தால் கண் படிக்க ஆரம்பித்துவிடும். படித்தால் மனசு கதை கட்டும். ஒருத்தர் பாவம் என்று தோன்றும், இன்னொருத்தர் அயோக்கியன் என்று தோன்றும். தலைகீழாக வைத்தால் எழுத்து எழுத்தாக இருக்காது. கோடும் வளைவும் மட்டும்தான் மிஞ்சும். பேனா எங்கே அழுத்தியது, எங்கே தயங்கியது, எங்கே தூக்கி மறுபடி வைத்தார்கள் என்பது பளிச்சென்று தெரியும். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

பழக்கம் எந்த அளவுக்கு முற்றியது என்றால், கல்யாணத்துக்கு முன் கணவர் எழுதிய முதல் கடிதத்தையே அவள் அப்படித்தான் பார்த்தாளாம். ‘கோட்டில் தயக்கம் இல்லை, ஆளை நம்பலாம்’ என்று முடிவு செய்தாளாம். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கு இன்று வரை தெரியாது என்பது கணவரின் தீராத புகார்.

டைப்பிஸ்ட் மூன்று பிரதிகளோடு வந்தார். “இந்தாங்க. கையெழுத்துப் போட்டுடுங்க. நாலு மணித் தபாலுக்குப் போகணும்.”

அது ஒரு நர்ஸின் விவகாரம். பத்தொன்பது வருடமாக அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண். தலைமை நர்ஸாகப் பதவி உயர்வு கொடுக்கும் நேரத்தில் சான்றிதழ்களைச் சரிபார்த்திருக்கிறார்கள். நர்ஸ் பயிற்சிப் பள்ளிச் சான்றிதழில் இருந்த முதல்வரின் கையெழுத்து, மற்றவர்களின் சான்றிதழ்களில் இருந்த கையெழுத்து மாதிரி இல்லை. அந்தப் பள்ளியை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. முதல்வரம்மா காலமாகிவிட்டார். அந்த வருடத்துப் பதிவேடுகள் கூரை ஒழுகிக் கூழாகிவிட்டன. கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு திசை. ஓரிருவர் வந்து சொன்னதையும் ‘சிநேகிதிக்காகச் சொல்கிறார்கள்’ என்று தள்ளிவிட்டார்கள். நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அக்காவின் அறிக்கைதான் முடிவு. கையெழுத்து போலி என்றால் வேலை போகும்; போலிச் சான்றிதழ் வைத்திருந்த குற்றத்துக்குச் சிறையும் வரும்.

ஒப்பிட்டுப் பார்க்க விசாரணை அதிகாரி முதல்வரின் பன்னிரண்டு கையெழுத்துகளை அனுப்பியிருந்தார். எல்லாம் பள்ளி அலுவலகக் காகிதங்களிலிருந்து எடுத்தவை. பன்னிரண்டும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. “இப்படி ஒழுங்கான மாதிரிகள் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்” என்று அக்காவே வாய்விட்டுப் பாராட்டியிருந்தாள். பதின்மூன்றாவது, அதாவது நர்ஸின் சான்றிதழில் இருந்தது, அவற்றோடு எந்த வகையிலும் ஒட்டவில்லை. தாளும் மையும் அந்தக் காலத்தவைதான். முத்திரைகூட அசல்தான், அதன் விளிம்பில் இருந்த சின்ன உடைசல் பதின்மூன்றிலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தது. கை மட்டும் வேறு. ‘பன்னிரண்டையும் எழுதியவர் பதின்மூன்றாவதை எழுதவில்லை’ என்பது அறிக்கையின் கடைசி வரி.

அக்கா பேனாவைத் திறந்தாள். முதல் பிரதியில் போட்டாள். இரண்டாவதில் போட்டாள். மூன்றாவதில் பேனா முனை தாளைத் தொடுவதற்குள் கை அந்தரத்தில் நின்றது.

முதல் கையெழுத்தில் வால் நீளம். இரண்டாவதில் வால் பாதியில் நின்றுவிட்டது. புள்ளி ஒரு பக்கமாக ஓடியிருந்தது. ஒரே ஆள், ஒரே பேனா, ஒரே நிமிடம். இரண்டு கையெழுத்தும் இரண்டு விதம்.

“என்ன அக்கா, பேனா எழுதலையா?”

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு மாதிரிகளையும் உறையிலிருந்து எடுத்து வரிசையாகப் பரப்பினாள். ஆறு வருடங்களில் போட்ட கையெழுத்துகள் அவை. ஆறு வருடத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு நாள்கூடக் கை அசந்திருக்காதா? அவசரம் வந்திருக்காதா? யாராவது கதவைத் தட்டியிருக்க மாட்டார்களா?

ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே தள்ளினாள். தானாக ஓடிய கோடு தொடக்கத்திலும் முடிவிலும் ஊசி போல மெலிந்திருக்கும்; பேனா காற்றிலிருந்து இறங்கி, காற்றிலேயே ஏறிப் போயிருக்கும். இந்தப் பன்னிரண்டிலும் முனைகள் மழுங்கிக் கிடந்தன. அழுத்தம் முழுக்க ஒரே சீர். யாரும் பேனாவைத் தூக்காத வளைவின் நடுவே தூக்கி, மறுபடி பொருத்தி வைத்த அடையாளம். யாரோ பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்கள்!

பதின்மூன்றாவதை வைத்தாள். கோடு சரேலென்று பாய்ந்து, திரும்பி, மறைந்தது. போகிற போக்கில் போட்டுவிட்டு எழுந்து போன கை.

அக்கா மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். சந்தேகம் என்று சீட்டு ஒட்டி வந்த ஒன்றை மூன்று நாள் குடைந்திருக்கிறாள். அசல் என்று சீட்டு ஒட்டி வந்த பன்னிரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம். இன்னும் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால், ஒரு பெண்ணின் பத்தொன்பது வருடம் நாலு மணித் தபாலில் போயிருக்கும். அறிக்கையின் கடைசி வரியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

மூன்று பிரதிகளிலும் குறுக்கே கோடு போட்டு, ‘ரத்து’ என்று எழுதினாள்.

“ஐயையோ!” என்றார் டைப்பிஸ்ட். “அந்தப் பிரிண்டரோட மறுபடியும் மல்லுக்கட்டணுமா?”

விசாரணை அதிகாரிக்குப் போன் போட்டாள். அவர் எப்போதும் ஓடிக்கொண்டே பேசுகிறவர் மாதிரி மூச்சு வாங்குவார்.

“சார், நீங்க அனுப்பின பன்னெண்டும் முதல்வர் போட்டதுதான்னு யார் சொன்னது?”

“யார் சொல்லணும்? ஆபீஸ் ஃபைல்ல இருக்கே மேடம். முத்திரை இருக்கே!”

“முத்திரை இருக்கு சார். முதல்வர் இல்லை. அவங்க சொந்தமா எழுதினது ஏதாவது வேணும். கடிதம், டைரி, எதுவா இருந்தாலும் சரி. ஆபீஸ் காகிதம் மட்டும் வேண்டாம்.”

“வெள்ளிக்கிழமை விசாரணை மேடம்! இன்னைக்குத் திங்கள்!”

“அதனாலதான் திங்கள்கிழமையே கேக்கறேன்.”

அன்று மாலை வீட்டுக்கு வந்த அக்கா தோள்பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்தாள். மகளுடைய பள்ளி மதிப்பெண் அட்டை மேஜையில் கிடந்தது. பத்து வயதில் இந்த மகள் ஒரு தடவை அம்மாவின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு போனவள். அக்கா அடிக்கவில்லை, திட்டவில்லை. எந்தெந்த இடத்தில் கை தயங்கியது என்று அம்புக்குறி போட்டு மூன்று பக்க அறிக்கை எழுதி மகளின் தலையணைக்குக் கீழே வைத்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அந்தத் துணிச்சலுக்குப் போகவில்லை.

“அம்மா, இதுல போடு. மைக்ரோஸ்கோப் வேணுமா, வெறுங்கண்ணே போதுமா?” என்றாள் மகள்.

அக்கா சிரிக்காததைப் பார்த்துக் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என்னாச்சு? யாராவது ஏமாத்திட்டாங்களா?”

“யாரும் ஏமாத்தலைங்க. நானே நல்ல பிள்ளைங்கன்னு பன்னெண்டு பேரை நம்பிட்டேன். அந்தப் பதிமூணாவதை அநியாயமா அடிக்கப் போனேன்.”

“அடிச்சியா?”

“இல்லை. கை ஓங்கிட்டேன். இறக்கிட்டேன்.”

“அப்போ சாப்பிடலாம்” என்றார் கணவர். “அதுக்கு முன்னாடி கண்ணுக்கு அந்தச் சொட்டு மருந்து...”

“ஆபீஸ்ல இருக்கு.”

“ஆபீஸ்ல கேட்டா வீட்ல இருக்கும்பே!”

புதன்கிழமை காலை விசாரணை அதிகாரியிடமிருந்து ஒரு உறை வந்தது. முதல்வர் தன் தம்பிக்கு எழுதிய நான்கு கடிதங்கள். தம்பி வெளியூரில் இருந்தவர். தன் அக்காவான முதல்வரின் கடிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தாராம். டைப்பிஸ்ட் அதைச் சொன்னபோது அக்கா ஒரு கடிதத்தின் ஓரத்தைத் தடவினாள். அவளுக்கும் ஒரு தம்பி உண்டு. அவன் கடிதத்துக்குப் பதில் போடுகிறவனில்லை.

கடிதங்களைத் தலைகீழாகப் பரப்பி வேலையைத் தொடங்கினாள். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தாள். கட்டம் போட்ட கண்ணாடியை மேலே வைத்துச் சரிவுகளை அளந்தாள். நான்கு கடிதத்தின் கையெழுத்துகளும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறு. ஆனால் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி. பதின்மூன்றாவது அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தபோது, தொலைந்து போன ஐந்தாவது பிள்ளை வீட்டுக்கு வந்தது போலிருந்தது. அதே பாய்ச்சல், அதே திருப்பம், வாலில் அதே அலட்சியம். மாலை நாலு மணிக்கு அக்கா நாற்காலியில் சாய்ந்தாள்.

“அவங்கதான்! பதிமூணாவதைப் போட்டது முதல்வரேதான். ஆனா அந்தப் பன்னெண்டும் யாரோடது? ஒருத்தர் ஆறு வருஷம் உட்கார்ந்து வரைஞ்சிருக்காங்க. யாரு, எதுக்கு? அது தெரியாம நான் என்ன எழுதினாலும் விசாரணையில குடைவாங்களே.”

அறிக்கையில் எண் போடுவதற்காகக் கடிதங்களை எடுத்த டைப்பிஸ்ட் மூன்றாவதைப் பார்த்தார். அவர் சாதாரண மனுஷி. காகிதத்தை நேராகப் பிடிக்கிறவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு வரி படித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“என்னங்க?”

“அக்கா... இதைப் படிச்சீங்களா?”

“படிக்கவா? எதுக்குப் படிக்கணும்?”

டைப்பிஸ்ட் சத்தமாகப் படித்தார்: “‘தம்பி, கையெழுத்துப் போடும் நேரத்தில் இரண்டு பேருக்குக் கட்டுப் போட்டுவிடலாம். அதனால் அலுவலகக் காகிதங்களில் என் கையெழுத்தைப் போடும் பொறுப்பை நம் குமாஸ்தாவிடமே கொடுத்துவிட்டேன். என்னை விட அழகாகப் போடுகிறார். மேலிடத்தில் கேட்டால் நானே போடச் சொன்னேன் என்று இந்தக் கடிதத்தைக் காட்டு.’ காலைல ஒம்போது மணிலேருந்து இது உங்க மூக்குக்குக் கீழ இருந்திருக்கு அக்கா! தலைகீழா!”

அக்கா ஒரு கணம் விழித்தாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை காலை குமாஸ்தாவைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். ஓய்வு பெற்ற மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. உள்ளே வந்தவர் கதவோரமே ஒட்டி நின்றார்.

“உக்காருங்க ஐயா. பயப்படாதீங்க. எழுதிக் காட்டணும், அவ்வளவுதான்.”

“அம்மா, நானா ஆசைப்பட்டுப் போடலம்மா! அவங்க ஒரு எடத்துல உக்கார மாட்டாங்க. ஃபைலைத் தூக்கிக்கிட்டு வார்டு வார்டா பின்னாடி ஓடுவேன். ஒரு நாள் திரும்பிப் பார்த்து, ‘யோவ், நீயே போட்டுத் தொலையேன்’ன்னாங்க.”

“எப்படிக் கத்துக்கிட்டீங்க?”

அவர் முகத்தில் பயத்தையும் மீறி ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. “ஒரு நோட்டு முழுக்கப் போட்டுப் பார்த்தேம்மா. அவங்க போடுறது கோழி கிளறின மாதிரி இருக்கும். நான் கொஞ்சம் திருத்தினேன்.”

முப்பது தடவை போட்டுக் காட்டினார். நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வளைவின் நடுவே பேனாவைத் தூக்கி, மறுபடி பொருத்தி. பன்னிரண்டு மாதிரியும் அக்காவின் கண்ணெதிரே மறுபிறவி எடுத்தன.

“அப்போ இதை ஏன் நீங்க போடல?” என்று அக்கா நர்ஸின் சான்றிதழைக் காட்டினாள்.

அவர் தேதியைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். “இந்தத் தேதி... எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே. ஒரு நிமிஷம்மா.” போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டுத் தேதியைச் சொன்னார். “இந்த நாள்ல நான் ஆபீஸ்ல இருந்தேனா, லீவா?”

போனிலிருந்து வந்த குரல் அறை முழுக்கக் கேட்டது. “பத்தொம்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? அன்னைக்குத்தாங்க நமக்குக் கல்யாணம்!”

குமாஸ்தா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். அக்கா மைக்ரோஸ்கோப்பில் ஏதோ பார்ப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“நினைவு வருதும்மா, நாப்பது வயசுக்கு மேல ஆன கல்யாணம்” என்றார் அசடு வழிய. “முதல்வரம்மா வாழ்த்த வந்துட்டு, பாதியிலயே கிளம்பினாங்க. ‘ஒரு பொண்ணு சான்றிதழுக்குக் காத்திருக்கா, நாளைக்கே வேலைல சேரணுமாம், நீ இல்லாததால நானே போட்டுத் தொலைக்கணும்’னு என்னைத் திட்டிட்டே போனாங்க. அந்தப் பொண்ணா இது?”

“அந்தப் பொண்ணுதான்.”

அவர் கண் கலங்கியது. “நான் லீவு போட்டதாலயா அதுக்கு இந்தக் கஷ்டம்? அம்மா, நான் போட்ட மத்தவங்களுக்கு? அவங்கெல்லாம் நல்ல பிள்ளைங்கம்மா.”

“அதை முடிவு பண்றது என் வேலையில்லை ஐயா. ஆனா அதிகாரிகிட்ட கேட்டேன். முதல்வரே சொல்லி நீங்க போட்டதுக்கு அவங்க கைப்பட எழுதின கடிதம் இருக்கு. யார் மேலயும் கை வைக்க மாட்டாங்களாம். உங்க மேலயும்தான்.”

வாசலில் காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டினார். குமாஸ்தா பேனாவைத் திறந்துவிட்டுத் திரும்பினார். “இதுல யார் கையெழுத்தும்மா போடணும்?”

“உங்களோடது!” என்று உள்ளேயிருந்து அக்காவும் டைப்பிஸ்டும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அன்று பிரிண்டர் ஏழு பக்கத்தையும் ஒரு விக்கல்கூட இல்லாமல் துப்பியது. அதற்கும் மனசு இருக்கிறது என்று டைப்பிஸ்ட் சத்தியம் செய்தார். வெள்ளிக்கிழமை விசாரணை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. நர்ஸை வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. நிறுத்தி வைத்திருந்த பதவி உயர்வும் கூடவே வந்தது.

அடுத்த புதன்கிழமை மதியம், டைப்பிஸ்ட் சாப்பிடப் போயிருந்த நேரம், அக்காவின் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். வெள்ளைச் சீருடையில் ஒரு பெண். காலில் சத்தம் போடாத காலணி. மணிக்கட்டில் கைக்கடிகாரம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது.

“நீங்கதானே மேடம்... தலைகீழா பார்க்கறவங்க?”

அக்காவுக்கு யார் என்று புரிந்துவிட்டது. வழக்கு முடியும் வரை சம்பந்தப்பட்ட யாரையும் பார்க்க மாட்டாள். அது அவளுடைய விதி. இப்போது முடிந்துவிட்டது. கோடும் வளைவுமாக மட்டும் தெரிந்த ஒரு வாழ்க்கை எதிரே மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

“நன்றி சொல்ல வந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துட்டு வந்தேன் மேடம். இப்ப ஒண்ணுமே வரல.” நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அக்கா தலையைக் குனிந்தாள். “நன்றி சொல்லாதீங்க. போலின்னு நினைச்சு ரெண்டு பிரதியில கையெழுத்தே போட்டுட்டேன். மூணாவதுலதான் நின்னேன்.”

நர்ஸ் ஒரு அடி கிட்டே வந்தாள். பிறகு சொன்னாள்: “ஊசியைக் கையில எடுத்தப்புறம், ஆள் மாறிப் போச்சுன்னு தெரிஞ்சு நானும் நின்னிருக்கேன் மேடம். நின்னதுதான் கணக்கு.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்த நொடியில் நர்ஸின் முகம் மாறியது. நன்றி சொல்ல வந்த பெண் போய், வார்டைச் சுற்றி வரும் தலைமை நர்ஸ் அங்கே நின்றாள்.

“கண்ணு என்ன இப்படிச் செவந்து கிடக்கு? எத்தனை நாளா?”

“அது... ஒரு மாசமா...”

“மருந்து?”

அக்காவின் பார்வை தன்னையறியாமல் மேஜை ஓரத்துக்குப் போனது. நர்ஸ் பாட்டிலை எடுத்து, உடைக்காத சீலைப் பார்த்தாள். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழித்தாள்.

“நல்லாருக்கு மேடம். ஊர் கண்ணுல மண்ணைத் தூவுறவனையெல்லாம் பிடிக்கிறீங்க, உங்க கண்ணைப் பார்க்க ஆளில்ல. தலையைச் சாய்ங்க. மேல பாருங்க. சிமிட்டக் கூடாது.”

கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள். சீல் உடையும் சத்தம். குளிர்ந்த ஒரு சொட்டு வலது கண்ணில், ஒன்று இடது கண்ணில். குறி தப்பவில்லை, தயக்கமும் இல்லை. போகிற போக்கில் போட்டது போன்ற அந்த லாகவத்தை யாரிடம் கற்றிருப்பாள் என்று அக்காவுக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தை அவள் நான்கு கடிதங்களில் பார்த்திருக்கிறாள்.

“அஞ்சு நிமிஷம் கண்ணைத் திறக்கக் கூடாது. நான் கிளம்பறேன், எனக்கு ரெண்டு மணி டியூட்டி. எழுந்திரிக்காதீங்க! ராத்திரி படுக்கும்போது இன்னொரு தடவை. வீட்டுக்காரரைப் போடச் சொல்லுங்க.”

“சரிங்க சிஸ்டர்” என்றாள் அக்கா, கண்ணை மூடிக்கொண்டே.

கன்னத்தில் சூடாக ஏதோ வழிந்தது. அதில் மருந்து எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கருவி எதுவும் அந்த ஆய்வுக்கூடத்தில் இல்லை. சத்தம் போடாத காலணிகள் வாசல் வரை போனதை அக்கா பார்க்கவில்லை. கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும் ஓசை மட்டும் கேட்டது.